டிரங்க்கால் மாமி வீட்டு ரூட்டர்

மூன்று நிமிடத்துக்கு மேல் பேசும்படியான விஷயம் இந்தப் பூலோகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நான் குடியிருந்த தெருவில், தினமும் முப்பது நாற்பது முறை இதை நிரூபித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் டிரங்க்கால் மாமி.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டரிடம் சொல்லி டிரங்க்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்துப் பேச ஆரம்பித்தால், மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?" என்று கேட்பார். நீட்டச் சொன்னால் நீளும். இல்லாவிட்டால் கட்.

மாமி வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார். அந்தக் கேள்வியிலிருந்து ஓய்வு பெறவில்லை. காய்கறிக்காரரிடம் பேரம் பேசினாலும் மூன்று நிமிடம். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் மூன்று நிமிடம், அழுதுகொண்டிருப்பவர் மூக்கைச் சிந்தி நிமிர்ந்தால் மாமி செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஒருமுறை மூட்டுவலிக்காக டாக்டரிடம் போனார். அவர் உணவு முறை, நடைப்பயிற்சி என்று விளக்க ஆரம்பித்ததும், "டாக்டர், மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டறேளா?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் பயந்துபோய் மருந்துச் சீட்டை நீட்டினாராம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், வீட்டு எண்தான். நான் அறுபத்திரண்டாம் நம்பர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஆகவே என் பெயர் "அறுபத்திரண்டு மேலே". கீழே இருந்த வீட்டுக்காரர் "அறுபத்திரண்டு கீழே". சொந்த வீட்டில் கீழே என்று அழைக்கப்படுவதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்து கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். காலையில் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நின்று என்னை ஏற்றிக்கொண்டு போகும். இதைப் பார்த்த தெரு, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. உண்மை என்னவென்றால், எங்கள் கம்பெனி தயாரித்த மென்பொருளில் விடுப்பு விண்ணப்பம் என்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் தேதி போடும் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டியைத்தான். பிப்ரவரி முப்பது என்று யாராவது போட்டால் அது தவறு என்று சொல்ல வேண்டும். அதையும் பாதி நேரம் சொல்லாது.

இந்த ரகசியம் தெருவுக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். தெருவில் டி.வி. மங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். இன்வெர்ட்டர் கூவினால் கூப்பிடுவார்கள். நான் போய், முகத்தைச் சுருக்கி, "அணைச்சுப் போடுங்க" என்பேன். பத்துக்கு எட்டு தடவை சரியாகிவிடும். அப்படித்தான் ஒரு நாள் மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அறுபத்திரண்டு மேலே, வா. விஷயம் இதாக்கும். அமெரிக்காவிலே என் தம்பி அம்பிக்கு வாயடைச்சுப் போச்சு. பக்கவாதம். காது கேக்கறதும் செரியா இல்லை. கண்ணு மட்டும் நன்னாயிருக்கு. அவன் பிள்ளை ரமேஷ் போன மாசம் வந்து வாசல்லே ஒரு கேமராவை மாட்டிட்டுப் போயிருக்கான். அவா ஆத்துலே அம்பிக்கு முன்னாலே ஒரு டி.வி. பெட்டி மாதிரி வச்சிருக்காளாம். அதிலே நான் தெரியணும். ரூட்டர்லே ஏதோ செஞ்சா தெரியும்னு ரமேஷ் சொன்னான். அதை நீ செய்யணும். அம்பிக்குத் தெளிவு காலம்பறதான், அப்பறம் மருந்துலே தூங்கிடறான். அவனுக்குக் காலம்பற எட்டரைன்னா நமக்கு சாயங்காலம் ஆறு. ஆறு மணிக்கு நான் கேமரா முன்னாலே உக்காருவேன். மனஸ்ஸிலாச்சா? ரெண்டரை நிமிஷம் ஆச்சு. அரை நிமிஷத்திலே ஒத்துக்கோ."

ஒத்துக்கொண்டேன். ரூட்டரின் பின்பக்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் தேடிப் படித்தேன். போர்ட் ஃபார்வர்டிங் என்றார்கள். மாமிக்கு விளக்க வேண்டுமே என்று நோட்டில் வட்டம், அம்புக்குறி எல்லாம் வரைந்துகொண்டு போனேன். "மாமி, உங்க வீட்டுக்கு வெளியே இருந்து பார்த்தா ஒரே ஒரு நம்பர்தான் தெரியும். உள்ளே கம்ப்யூட்டர், கேமரா எல்லாத்துக்கும் தனித்தனி நம்பர். வெளியே இருந்து ஒருத்தர் கேமராவைப் பார்க்க வந்தா, ரூட்டருக்கு..."

"ஆபீசுக்கு ஒரு நம்பர், உள்ளே அம்பது எக்ஸ்டென்ஷன். வெளியாள் கூப்பிட்டா எந்த மேஜைக்குக் குடுக்கணும்னு போர்டுலே இருக்கறவளுக்குச் சொல்லி வைக்கணும். அதானே? இதுக்கு எதுக்குப் படம்?"

நோட்டை மூடினேன். இரண்டு மணி நேரம் படித்துப் பாதி புரிந்திருந்த விஷயம், அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டி, ஏற்கெனவே தெரிந்தவனைப் போல் இருந்துவிட்டேன்.

அடுத்த மூன்று சாயங்காலங்கள் மாமி வீட்டில் கழிந்தன. ரூட்டரின் கடவுச்சொல் எது என்று தெரியாமல், மாமி தலையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஹேர்பின்னால் அதன் சின்ன ஓட்டையைக் குத்தினேன். கடவுச்சொல் அழிந்தது. கூடவே இன்டர்நெட்டும் அழிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு நாள். பழக்க தோஷத்தில் மறுபடி குத்தினேன். இன்னொரு நாள். மூன்றாம் நாள் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து இணைத்து, எல்லா எண்களையும் போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினேன். மாமி வீட்டு வாசல் பளிச்சென்று தெரிந்தது. வாசல் கேட், எதிர்வீட்டு மதில், தெருவில் ஒரு நாய். மாமி கை கூப்பிவிட்டார். நாய்க்கா எனக்கா என்று தெரியவில்லை. பால் பாயசம் வந்தது. லேப்டாப்பை அன்றிரவு அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு டம்ளர் குடித்த மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ரமேஷ் போன் செய்தான்.

"சார், நீங்க குடுத்த நம்பரைப் போட்டேன். வாசல் ஒண்ணும் தெரியல்லையே."

"பின்னே என்ன தெரியுது?"

"'உங்கள் விடுப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மேலாளரை அணுகவும்'னு இங்கிலீஷ்லே ஒரு பக்கம் வருது. அப்பா அரை மணியா அதையே பாத்துண்டிருக்கார்."

நடந்தது இதுதான். வீட்டுக்குள்ளிருந்தே சோதித்துப் பார்த்ததால் எனக்குக் கேமரா தெரிந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும், கேமராவின் எண்ணுக்குப் பதில் என் லேப்டாப்பின் எண்ணைப் போட்டு வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் இருந்தது என் பிழைப்பான அந்த விடுப்புப் பக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பக்கவாதத்தில் படுத்திருக்கிற மனிதருக்கு, ஏழு கடல் தாண்டிப் போய் விடுப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். "ராங் நம்பர் குடுத்துட்டயா?" என்று மட்டும் கேட்டார் மாமி. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

எண்ணைத் திருத்தினேன். ரமேஷ் ஒரு நாள் உண்மையாகவே விடுப்பு எடுத்துக்கொண்டு பார்த்து, வாசல் தெரிகிறது என்று உறுதி செய்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

செய்தி தெருவில் பரவியது. அமெரிக்காவில் தெரிகிறோம் என்றதும் தெருவின் நடையே மாறிவிட்டது. கருவேப்பிலை வாங்கப் போகிறவர்கள் பட்டுப்புடவையில் போனார்கள். அறுபத்திரண்டு கீழே தினமும் காலையில் மாமி வீட்டு வாசலில் வந்து நின்று, காரணமில்லாமல் மீசையை நீவிவிட்டுப் போவார். மாமி ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு நாற்காலியைப் போட்டுக் கேமராவுக்கு நேராக உட்கார்ந்து பேசுவார். சரியாக மூன்று நிமிடம்.

"மாமி, இதிலே சத்தம் போகாது" என்றேன்.

"தெரியும். அவனுக்கும் காது கேக்காது. வாயைப் பாத்துப் புரிஞ்சுப்பான். எங்கம்மா முன்னாலே நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசிலே அப்படித்தான் பேசிப்போம்."

ஆனால் அம்பி அதைப் பார்க்கவில்லை. இதுதான் கஷ்டம். தினமும் ஆறு மணிக்குள் எப்படியோ படம் நின்றுபோயிருக்கும். நான் ஏழு மணிக்கு வந்து பார்த்தால் வெளி எண் மாறியிருக்கும். புது எண்ணை ரமேஷுக்கு அனுப்புவேன். அதற்குள் அவன் ஆபீஸ் போயிருப்பான், அம்பி தூங்கியிருப்பார். ராத்திரி ரமேஷ் புது எண்ணைப் போட்டால் மறுபடி தெரியும். மறுநாள் ஆறு மணிக்குள் மறுபடி நிற்கும். இரண்டு மாதம் மாமி ஒவ்வொரு சாயங்காலமும் யாரும் பார்க்காத கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்குக் கிடைச்சுதா?" என்று ஏழு மணிக்கு என்னிடம் கேட்பார். "நாளைக்கு முடிஞ்சிரும் மாமி" என்பேன். அந்த நாளை வரவே இல்லை. ஒரு சமயம் ரமேஷ் எழுதினான்: காலையில் படம் வராத பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறார்.

எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கழுத்து அட்டை விடவில்லை. முதலில் லைன் சரியில்லை என்றேன். லைன்மேன் மூன்று தடவை கம்பத்தில் ஏறினார். மூன்றாம் தடவை இறங்கி வந்து மாமியிடம், "லைனில் ஒரு குழப்பமும் இல்லா அம்மே. குழப்பம் ஈ ஸாறின்றே தலையிலா" என்று என் தலையைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்து, கம்பியில் உரசுகிறது என்று பக்கத்து வீட்டுத் தென்னையின் மேல் பழியைப் போட்டேன். ஆள் வைத்து மட்டைகளை வெட்டினார்கள். படம் நிற்பது நிற்கவில்லை. எனக்கு நாலு இளநீர் கிடைத்தது.

கடைசியில் விஞ்ஞான முறையில் இறங்குவது என்று தீர்மானித்தேன். கேமராப் படத்தின் மூலையில் இந்திய நேரம் விழும். கடைசிப் படம் எத்தனை மணிக்கு நின்றது என்று ரமேஷ் தினமும் எழுதி அனுப்பினான். நாலு வாரத்து நேரங்களை எக்செலில் போட்டேன். பார்த்தால் புல்லரித்தது. திங்கட்கிழமை தோறும் ஏழரை. செவ்வாய் மூன்று. புதன் பன்னிரண்டு. வியாழன் ஒன்றரை. வெள்ளி பத்தரை. சனி ஒன்பது. ஞாயிறு நாலரை. ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அமெரிக்காவுக்குக் கடலுக்கடியில் போகும் கேபிளில் வாராந்திர நெரிசல் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். நிறம் கொடுத்து, வரைபடம் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் நாலு பேரைக் கூட்டி வைத்து விளக்கினேன். மேலாளர்கூட மோவாயைத் தடவினார்.

அப்போது பக்கத்து மேஜை ஷீபா சேச்சி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். திரையை ஒரு தடவை பார்த்தார்.

"எந்தா மோனே இது? ராகுகாலம் டைப் செய்து வச்சிரிக்குந்நோ?"

மேலாளர் மெதுவாகத் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு வாரம் நான் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்த அட்டவணை, அங்கே அச்சடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தேதிப் பெட்டிக்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவன் கிழமையைப் பார்த்துக் கண்டுபிடிக்காத விஷயம். அன்று மத்தியானம் முழுவதும் என் மேஜையைக் கடந்து போன ஒவ்வொருவரும், இப்போது நல்ல நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணியைச் சனிக்கிழமையில் நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. எட்டு ஐம்பதுக்கே மாமி வீட்டில் போய் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. மாமி எழுந்தார். டெலிபோன் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார். அப்படியே நடந்து போய் ரூட்டரின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து பயறு பொறுக்க ஆரம்பித்தார்.

"மாமி! தினமும் இப்படியா?"

"பின்னே? பத்தரைக்குப் போட்டுடுவேன். ஒண்ணரை மணிதானே? சாரமில்லை, ஒண்ணும் ஆயிடாது."

"அணைச்சு அணைச்சுப் போட்டா வெளி நம்பர் மாறிரும் மாமி! அதான் ஆறு மணிக்கு அம்பி மாமாவுக்கு நீங்க தெரியல. ரெண்டு மாசமா நீங்கதான் கட் பண்ணியிருக்கீங்க!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. மாமியின் கை பயறிலேயே நின்றுவிட்டது.

"நானா?" என்றார். என்னைப் பார்க்காமல் பேசினார். "முப்பத்தஞ்சு வருஷம் ராகுகாலம் எமகண்டம் பாக்காம லைன் போட்டேன். வேலை அப்படி. எத்தனை பேரோட கல்யாணப் பேச்சு, எத்தனை பேரோட நல்ல சேதி நான் போட்ட லைன்லே கெட்டுப்போச்சோன்னு ஒரு பயம். ரிட்டயர் ஆனதும் நம்மாத்து லைனையாவது அந்த நேரத்திலே திறந்து வைக்கப்படாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அம்பி பம்பாயிலே இருந்தப்போ அம்மா இங்கேருந்து ஒரு கால் புக் பண்ணினா. போர்டுலே நான். மூணு நிமிஷம் ஆச்சு. எல்லாரையும் நீட்டணுமான்னு கேப்பேன். சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினேன்னு யாரும் சொல்லிடப்படாதேன்னு, அவாகிட்டே மட்டும் கேக்காம வெட்டிட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுத்த வாரம் அமெரிக்கா போயிட்டான். அம்மா போற வரைக்கும் வரல்லை. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். ராகுகாலம். அதான்."

அதான் என்பதை இன்னொரு தடவையும் சொன்னார். மூன்று நிமிடம் தாண்டிவிட்டது என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பத்தரை மணிக்கு ரூட்டருக்கு உயிர் வந்ததும் உட்கார்ந்தேன். எண் எத்தனை தடவை மாறினாலும் மாறாத ஒரு பெயரை வைத்துக்கொள்ள வழி உண்டு, ரூட்டரே தன் புது எண்ணை அந்தப் பெயருக்குச் சொல்லிவிடும் என்று ஷீபா சேச்சி வெள்ளிக்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கான இடம் எங்கே இருந்தது தெரியுமா? இரண்டு மாதமாக நான் தினமும் திறந்து மூடிய அதே பக்கத்தில், மூன்று வரி கீழே. பத்து நிமிட வேலை. மாமி ராகுகாலத்தில் அணைக்கலாம், எமகண்டத்திலும் அணைக்கலாம், ரூட்டருக்கு ஆட்சேபம் இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாமி உட்கார்ந்தார். மூன்று நிமிடம் பேசினார். எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடத்தில் ரமேஷ் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சார், அப்பா பாத்துட்டார். முழுசாப் பாத்தார். ஆனா அத்தை எழுந்து போனதும் ஒரே ரகளை. சரியா இருக்கற கையாலே ரெண்டு விரலைச் சேத்து வச்சு, இழுத்து இழுத்துப் பிரிக்கறார். ரப்பர் பேண்டை இழுக்கற மாதிரி. எங்களுக்கு ஒண்ணும் புரியல்லை. டாக்டரைக் கூப்பிடணுமா?"

நான் மாமியிடம் போய் அதேபோல் விரலைச் சேர்த்து இழுத்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இன்னும் முழிச்சுண்டிருக்கானா?"

நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எழுபது வயதில், மூட்டுவலியோடு. உட்கார்ந்து கேமராவைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். நான் பக்கவாட்டில் நின்றேன். எனக்கே புரிந்தது. 'நீட்டறேன்' என்றார்.

ஆறு நிமிடம் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பட்டுப்புடவைகள், மீசைகள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கேமராவுக்குள் வராமல் தெரு ஒதுங்கி நின்றது அன்றைக்குத்தான். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விளக்குக்கு மாமி இரண்டாம் தடவை எண்ணெய் விட்டார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு அம்பி ஒன்றரை வருடம் இருந்தார். அவர் போன மறுநாளும் மாமி ஆறு மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், மூன்று நிமிடம். பிறகு எழுந்து, ராகுகாலமாக இல்லாத ஒரு நேரத்தில் ரூட்டரை அணைத்தார். நான் வேறு ஊர், வேறு கம்பெனி என்று போய்விட்டேன். மாமி போன செய்தி ஷீபா சேச்சி சொல்லித்தான் தெரிந்தது.

இதைப் படிக்க உங்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாமி இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே வெட்டியிருப்பார். இன்றைக்கும் போனில் பேசும்போது மூன்றாவது நிமிடத்தில் நான் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுகிறேன், யாராவது கேட்பார்களா என்று. யாரும் கேட்பதில்லை. நானேதான் நீட்டிக்கொள்கிறேன், மாமி.